முட்டி வலி மாத்திரை

ஆவியக்கா அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து என் தையல் மிஷின்மேல் வைத்தபோது நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். "என்னக்கா, சம்பளம் ஏத்திட்டாங்களா? பார்ட்டி எப்போ?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பேயறைந்த மாதிரி நின்றார்.

எங்களுடையது பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில், துணி வெளுக்கும் இடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் ஓர் அறை இருக்கிறது. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் துணியில் பொதிந்து, பீப்பாய் மாதிரி ஒரு மிஷினுக்குள் வைத்து, ஆவியில் கிருமி போக வேகவைக்கிற அறை. பதினோரு வருடமாக அதைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அவர் ஆவியக்கா. அந்தப் பொதி துணிகளை வெட்டி ஓரம் அடித்துக் கொடுப்பதும், கிழிந்த படுக்கை விரிப்புகளை ஒட்டுப் போடுவதும் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் என் வேலை. அவர் என்னைத் 'தையலு' என்பார்.

ஒவ்வொரு பொதியின் மேலும் அக்கா ஒரு துண்டு டேப் ஒட்டுவார். சூடு சரியாக ஏறியிருந்தால் அந்த டேப்பில் இருக்கும் வெளுத்த கோடுகள் கறுத்துவிடும். கறுக்காத பொதி அவருடைய வாசலைத் தாண்டாது. பெரிய டாக்டரே வந்து குதித்தாலும், "கோடு வரட்டும் சார்" என்பார். மற்ற விஷயங்களில் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். அந்தக் கோடு விஷயத்தில் மட்டும் யாருக்கும் பயப்பட மாட்டார்.

கடிதத்தை எடுத்துப் படித்தேன். பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டில் வேலை பெற்றவர்களில் பலர் பொய்ச் சான்று கொடுத்திருப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். அதனால் அக்காவின் சான்று உண்மைதானா என்று பார்க்க, அடுத்த புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நேரடி விசாரணை. பொய் என்று தெரிந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும். எவனோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான். அவன் கையில் கட்டி முளைக்க.

இரண்டாம் தடவை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, நீங்க மலைச்சனமா?"

அவர் பாய்ந்து போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவா தையலு. மெதுவா."

பதினோரு வருடம் ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். இது எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆபீஸில் ஒரு பீரோவுக்குள் இருந்த காகிதத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அன்றைக்குத்தான் சொன்னார். மேலே காட்டுக்குள் பதினான்கு வீடுகள். அவற்றில் ஒன்று அவருடையது. அக்கா விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது அணை கட்டினார்கள். பதினான்கு வீடும் தண்ணீருக்கடியில் போயின. சனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அக்கா நகரத்துக்கு வந்தார், அதே மலையைச் சேர்ந்த ஒருவரைக் கட்டிக்கொண்டார், மகள் பிறந்தாள், பின்னால் இந்த வேலையும் கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்ன ஏழு வீட்டில் ஏழு சாக்கு. எட்டாவதாகக் கிடைத்த வீட்டில் ஒரு மாதம் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு செல்போன் காணாமல் போனது. யார் எடுத்தது என்று யாரும் யோசிக்கவே இல்லை. புருஷனையும் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் தெருவில் நிறுத்தி, பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார்கள். செல்போன் அந்த வீட்டுச் சோபாவுக்கடியில் கிடந்ததாம். பெட்டியை யாரும் திருப்பி அடுக்கிக் கொடுக்கவில்லை.

"அதுக்கப்புறம் யார் கேட்டாலும் கீழ்நாட்டு ஆளுங்கன்னே சொல்லிட்டோம்," என்றார் அக்கா. "என் புருஷன் போனப்புறமும் அப்படியேதான். எங்க பாஷைய வீட்ல பேசறதில்ல. பொண்ணுக்குச் சொல்லியே குடுக்கல. ஒரு போட்டோ மாட்டல. ஆபீஸ் கடுதாசி எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரி அட்ரஸுக்குத்தான் வரும். ஒன்பது வருஷமா அந்த வீட்ல இருக்கேன். தெருவே என்னை கீழ்நாட்டுக்காரின்னுதான் நினைச்சிட்டு இருக்கு."

"சரி, அதனால என்ன? சான்று உண்மைதானே?"

"அறிவிருக்கா உனக்கு? அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்கன்னு போட்டிருக்கு. வீட்டுக்காரம்மாகிட்ட கேப்பாங்க. 'இவங்க மலைச்சனமா?'ன்னு. அவங்க என்ன சொல்வாங்க? 'சேச்சே, அதெல்லாம் இல்ல சார்'னு எனக்கு நல்லது பண்றதா நினைச்சுச் சொல்வாங்க. என் வேலை போயிடும். நானே முந்திக்கிட்டு உண்மையச் சொன்னா வீடு போயிடும். பொண்ணுக்கு அடுத்த மாசம் பன்னண்டாவது பரீட்சை."

இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லித் திரிகிறோம். அது எப்படி நெளியும் என்று அந்த ஒரு வாரம் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பதினோரு வருடமாக நடக்கிற விஷயம். என் கை டப்பாவுக்கு மேலே போய் நின்றது. ஒரு கண் இமைக்கிற நேரம்தான். ஏன் நின்றது என்று இன்றுவரை என்னையே செருப்பால் அடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடனே இரண்டு பிடி கூடவே அள்ளிப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு உப்புக் கம்மிக்கா" என்று எதையோ உளறினேன். அக்கா பார்த்துவிட்டார். எனக்கே இப்படியென்றால் வீட்டுக்காரம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்குள் ஆபீஸிலிருந்து விஷயம் கசிந்து ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு கதை. துணி வெளுக்கிறவர் சொன்னார், விசாரணைக்கு வருகிறவர்கள் ஆடச் சொல்வார்களாம், பாடச் சொல்வார்களாம், மூக்கையும் முடியையும் பார்த்துக் குறித்துக்கொள்வார்களாம். ஸ்டோர்காரர் பல் குத்திக்கொண்டே, "மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைச் சேர்த்து ஓரம் அடித்திருப்பேன். அக்காவின் மடியில் இருந்தது உண்மை. அதுவும்தான் கனக்கிறது என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு பொதி திரும்பி வந்தது. டேப் இல்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை. நர்ஸம்மா வராந்தாவில் நின்று கத்தினார். அக்கா அந்தப் பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். உள்ளே போனதும் அன்றைக்கு வெந்த பொதிகள் அத்தனையையும் பிரித்துப் போட்டு, மறுபடி மடித்து, மறுபடி வேகவைத்தார்.

இந்த வீட்டுக்காரம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீழே அவர், மாடியில் அக்கா. அந்தம்மா அடிக்கடி படியேறி வந்து, அக்கா வீட்டு வாசல் நிலையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் பேசுவார். மருமகளைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி, எல்லாம் நின்ற நிலையிலேயே. "உள்ள வந்து உக்காருங்கம்மா" என்றால், "முட்டி வலிம்மா, உக்காந்தா எழுந்திருக்க முடியாது" என்பார். அதற்காக அக்கா மாதாமாதம் டாக்டரிடம் கேட்டுச் சீட்டு வாங்கி, ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் அரை மணி நேரம் நின்று மாத்திரை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார். "உங்க முட்டி வலிக்குது வரிசைல நின்னு" என்று நான் கிண்டல் செய்வேன். "போடி. சொந்த அக்கா மாதிரி வாசல்ல நின்னு பேசறாங்க. இந்த ஊர்ல எனக்கு வேற யார் இருக்கா?" என்பார்.

செவ்வாய்க்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றியா? தனியா இருந்தா நெஞ்சு நின்னுடும்போல இருக்கு."

போனேன். ஒரே அறை. நடுவில் துணி கட்டி அந்தப்பக்கம் அடுப்பு, இந்தப்பக்கம் மகளின் மேஜை. தரை ஈரம் காயாமல் இருந்தது. விடியலிலிருந்து மூன்று முறை துடைத்தாராம். மகள் ஜன்னலோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அம்மா அவளுக்கு மலைப் பாஷையில் ஒன்று இரண்டு எண்ணவும், தண்ணீர், மரம், மழை என்று சொல்லவும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு வருஷம் வாயத் திறக்காதேன்னு சொல்லிட்டு, இப்ப பரீட்சைக்குப் படிக்கிற நேரத்துல மனப்பாடம் பண்ணுன்னா?" என்றாள் என்னிடம். "அத்தை, நீங்களே கேளுங்க."

"கேக்கறேன் கண்ணு, ஆள் வந்துட்டுப் போகட்டும்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று மகள் பக்கம் திரும்பி எனக்குப் புரியாத ஏதோ ஒரு சின்னச் சொல்லைச் சொன்னார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர். கையில் குடை, கக்கத்தில் கோப்பு. "பயப்படாதீங்கம்மா, வழக்கமான விசாரணைதான்" என்றார். இதைச் சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் வயிற்றைக் கலக்குவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் அவருக்கும் எனக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் ஒரே மடக்கில் குடித்தேன். அவர், "இப்பத்தான் குடிச்சேம்மா" என்று டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார்.

அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், அங்கே எத்தனை வீடு என்று கேட்டு எழுதினார். "அந்தப் பதினாலு வீட்ல இப்ப யார் இருக்காங்க?"

"மீனுதான் சார்," என்றேன் நான். அவர் என்னை முறைத்தார். அக்கா பதறிப்போய், "அணைக்குள்ள போயிடுச்சு சார்" என்றார்.

"அப்ப ஊர்ல விசாரிக்க வழியில்ல. சரி. உங்க பாஷையில நாலு வார்த்தை பேசுங்க."

அக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த தண்ணீரும் மரமும் மழையும் எங்கே போயின? தாய்ப் பாஷை மறக்குமா என்று கேட்பீர்கள். ஒரு அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, 'பேசு, இல்லாவிட்டால் உன் சோறு போச்சு' என்கிற மாதிரி பார்த்தால் உங்களுக்கும் மறக்கும்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஜன்னலோரத்திலிருந்து மகள், சற்று முன் அம்மா சொன்ன அந்தச் சின்னச் சொல்லைச் சொன்னாள்.

"அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"சத்தம் போடாதேன்னு அர்த்தம் சார். யாராவது படியேறி வந்தா அம்மா என்கிட்ட சொல்ற வார்த்தை. சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன வயதில் அக்காவை மலையிலிருந்து பஸ்ஸில் கீழே கூட்டிவரும்போது அவருடைய அம்மா சொல்லிக்கொண்டே வருகிற வார்த்தையாம் அது. பிறகு ஒருநாள் சொன்னார்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். ஆனால் தலையை ஆட்டினார். "ஒரு வார்த்தை போதாதும்மா. யாரு வேணா ஒரு வார்த்தை சொல்லலாம். அக்கம்பக்கத்துல என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்."

வெளியே போய்க் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை. வீட்டுக்காரம்மா ஏற்கெனவே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. அக்கா சுவரில் சாய்ந்துவிட்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஆவி மிஷின் பக்கத்திலேயே இருந்து சூடேறிப்போன அந்தக் கை அன்று சில்லிட்டிருந்தது.

"நீங்கதான் வீட்டுக்குச் சொந்தக்காரரா? இவங்க எந்தச் சனம்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் வேலை போச்சு. தெரிந்துகொண்டால் வீடு போச்சு.

"தெரியாம என்ன சார்? மலைச்சனம்," என்றார் வீட்டுக்காரம்மா. சாதாரணமாக, நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்கிற மாதிரி. "இவங்க குடிவந்த முதல் மாசமே தெரியும். பொண்ணு ஸ்கூல் உதவித்தொகைன்னு ஒரு கவர் வந்துது. மேலேயே கொட்டை எழுத்துல போட்டிருந்துது. நான்தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுத்தேன். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

அக்காவின் கை என் கைக்குள் ஒருமுறை துடித்தது. அந்த ஒரே ஒரு கவருக்குப் பிறகுதான் அவர் விலாசத்தை ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரிஞ்சும் வீடு குடுத்து வச்சிருக்கீங்க?"

"சத்தமே கிடையாது சார். இருக்கற இடம் தெரியாது. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். எனக்கு வேற என்ன வேணும்?"

"பழக்கவழக்கம் எப்படி? வீட்டுக்குள்ள வருவீங்களா, ஏதாவது குடுத்தா சாப்பிடுவீங்களா? இங்க அதுக்கு ஒரு கட்டம் இருக்கு, நிரப்பணும்."

வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தினார். நாங்கள் மூன்று பேரும் நான்கடி தூரத்தில் இருக்கிறோம். "அது எப்படி சார் முடியும்? ஒன்பது வருஷத்துல ஒரு நாள் இந்த நிலையத் தாண்டினதில்ல, ஒரு வாய்த் தண்ணி குடிச்சதில்ல. உள்ள வாங்கன்னு கூப்பிடுவாங்க. முட்டி வலின்னு சொல்லிடுவேன். முட்டிக்கெல்லாம் ஒண்ணுமில்ல. மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு புண்படும், பாவம்."

பதினெட்டுப் படி ஏறி வருகிற முட்டிக்கு உட்கார மட்டும் எப்படி வலிக்கும் என்று ஒன்பது வருடமாக அக்காவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதிகாரியின் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இது போதும். இதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்ல" என்று விறுவிறுவென்று எழுதினார். எழுதியதை விதிப்படி உரக்க வாசித்துக்காட்டினார்: "விண்ணப்பதாரர் பழங்குடியினர் என்பதை அக்கம்பக்கத்தார் அறிந்துள்ளனர். அதன் காரணமாக ஒன்பது ஆண்டுகளாக அவர் வீட்டினுள் நுழைவதோ தண்ணீர் அருந்துவதோ இல்லை. எனவே சான்று உண்மையானது எனக் கருதப்படுகிறது." பிறகு காகிதத்தை அக்காவிடம் நீட்டினார். "படிச்சுப் பாத்து, சரின்னா கையெழுத்துப் போடுங்க."

அக்கா படித்தார். மெதுவாக, விரலை வைத்து, வரி வரியாக. பிறகு கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

"உங்க வேலைக்கு இனி ஆபத்தில்லம்மா. தைரியமா இருங்க," என்று அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

வீட்டுக்காரம்மா மட்டும் வாசலில் நின்றார். "பாத்தியாம்மா, நான் மட்டும் சொல்லலேன்னா உன் பாடு என்ன ஆயிருக்கும்? என்கிட்ட மறைக்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? ஒன்பது வருஷமா நான் ஏதாவது வித்தியாசமா நடத்தினேனா?" அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவின் உதடு, "ரொம்ப நன்றிங்கம்மா" என்றது. பழக்கம். அந்த உதட்டுக்கு வேறு எதுவும் தெரியாது. அலமாரியில் இந்த மாத மாத்திரை, கவர் பிரிக்காமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் ஜன்னல் விளிம்பிலிருந்த டம்ளரை எடுத்தாள். எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது, அக்காவுக்கும் புரிந்துவிட்டது. வீடு போய்விடுமே, பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லையே. அக்கா வாயைத் திறந்தார். அந்தச் சின்னச் சொல் அவர் நாக்கின் நுனிவரை வந்ததை நான் பார்த்தேன்.

சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

"உள்ள வாங்க ஆன்ட்டி," என்றாள் மகள், டம்ளரை நீட்டியபடி. "வந்து உக்காந்து தண்ணி குடிங்க. முட்டிதான் நல்லா இருக்கே."

வீட்டுக்காரம்மா டம்ளரைப் பார்த்தார். நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு திரும்பிப் பதினெட்டுப் படியையும் ஒரு இடத்திலும் நிற்காமல், கைப்பிடியைத் தொடாமல், விடுவிடுவென்று இறங்கிப் போனார்.